ரெண்டு கதிரை மிஸ்

நான் படிப்பித்த தனியார் டியூட்டரியில் ஆசிரியர்களுக்கென்று ஓர் அறை இருந்தது. அறை என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே பலகை அடித்து மறைத்த ஓர் இடுக்கு அது. உள்ளே ஒரு மேசை, எதிரும் புதிருமாக இரண்டு கதிரைகள், ஆணியில் தொங்கும் உடைந்த முகக்கண்ணாடி. மாத்தளைக் கடைத்தெருவிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், மிளகாய் அரைக்கும் மில்லுக்கு மேல்மாடியில் டியூட்டரி நடந்தது. கீழே மில் ஓடத் தொடங்கினால் மேலே வகுப்பு முழுவதும் தும்மும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த இரண்டு கதிரைகளையும் என்னோடு படிப்பித்த அவள் ஒருத்தியே பிடித்துக்கொள்வாள். நான் சோற்றுப் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன். முதலில் ஜன்னல் பக்கத்துக் கதிரையில் உட்காருவாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு எதிரே இருக்கும் வெறுங் கதிரையைப் பார்த்துப் பேசுவாள்: ஆறு எங்கள் மலையில் பிறக்கிறது, எங்கள் மக்களின் வீடுகளில் விளக்கு இல்லை, அணை கட்டாமல் நாங்கள் என்ன செய்வது? பேசி முடித்ததும் எழுந்து, மேசையைச் சுற்றிப் போய் எதிர்க் கதிரையில் உட்காருவாள். இப்போது முகமே வேறு. ஆறு உங்கள் மலையில் பிறந்தாலும் எங்கள் வயலை நம்பித்தான் ஓடி வருகிறது, நீங்கள் மறித்தால் எங்கள் நாற்று கருகிவிடும் என்பாள். இப்படியே பல தடவை மேசையைச் சுற்றுவாள். கடைசியில் இரண்டு நாடுகளும் எழுந்து எனக்கு இடம் விடும்போது என் சோறு ஆறிப்போயிருக்கும்.

பலகைச் சந்து வழியாக இதைப் பார்த்துச் சிரிக்காத மாணவர் யாரும் அங்கே படித்திருக்க முடியாது. அவர்கள்தான் அவளுக்கு ரெண்டு கதிரை மிஸ் என்று பெயர் வைத்தார்கள். சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், பெயரை வெளியில் விட்ட என் பக்கத்து நியாயத்தையும் அவளே எனக்கு எடுத்துச் சொல்லத் தொடங்கிவிடுவாள். எனக்கு அதைக் கேட்கப் பொறுமை கிடையாது.

அவள் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பித்தாள், நான் பொருளியல். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிந்திய வருஷங்கள் அவை. கடைத்தெருவில் எரிந்த கடைகள் சில அப்போதும் கூரையில்லாமல் நின்றன. நான் அந்த ஊர்க்காரி, வாப்பாவுக்கு அங்கே துணிக்கடை. அவள் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். வெளிவாரியாகப் படித்துப் பட்டம் எடுத்துவிட்டு, நகரத்தில் ஒரு வீட்டில் போடிங் இருந்தாள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருந்தாலும் கடைசிவரை ஒருவரையொருவர் மிஸ் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம்.

வெளிநாட்டுக்குப் போய் சர்வதேச விவகாரத்தில் முதுமாணிப் பட்டம் படிக்க வேண்டும் என்பது அவளுடைய திட்டம். எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு படிப்பு இருப்பதே யாருக்கும் தெரியாது. டியூட்டரி நடத்திய முதலாளி, நாங்கள் சேர் என்று கூப்பிடுபவர், ஒருநாள், அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று விசாரித்தார். சண்டை பிடிக்கிற இரண்டு நாடுகளுக்கும் மற்ற நாடு என்ன நினைக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும், அதற்கு ஆள் தேவைப்படுகிறது என்று இவள் விளக்கினாள். சேர் யோசித்துப் பார்த்துவிட்டு, அந்த வேலையைத்தான் என் மச்சான் கலேவெலயில் செய்கிறான், கல்யாணத் தரகு, அவன் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றார். அவள் சிரித்துவிட்டு, தரகருக்கும் இந்தப் படிப்புக்கும் பொதுவாக உள்ள விஷயங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தாள். சேர் மெதுவாக நழுவிவிட்டார்.

அந்தப் படிப்புக்கு ஆயத்தமாவதென்றால் சும்மா இல்லை. பொருளியல் தெரிய வேண்டும், ஆங்கிலம் தவிர இன்னொரு வெளிநாட்டு மொழி வேண்டும், எந்த விஷயத்தையும் ஒரே பக்கத்தில் எழுதப் பழகியிருக்க வேண்டும். பொருளியலுக்கு நான் அகப்பட்டேன். வாங்குகிறவர்களின் கேள்வி வளைகோடும் விற்கிறவர்களின் நிரம்பல் வளைகோடும் வெட்டிக்கொள்ளும் விலையைக் காட்டினால் மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும். இவளோ, அந்த விலைக்கு மேலே நின்று விற்க முடியாதவனுக்கும் கீழே நின்று வாங்க முடியாதவனுக்கும் சேர்த்துக் கவலைப்படுவாள். வெளிநாட்டு மொழிக்கு பிரெஞ்சு. அதைப் படிப்பித்தவர் சீகிரியாவில் வெள்ளைக்காரர்களுக்கு மலை காட்டும் ஒரு வழிகாட்டி. நகரத்தில் இருந்த தன் தங்கையைப் பார்க்கச் சனிக்கிழமைகளில் வருவார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் மலையேறுகிற பிரெஞ்சு. குளவி கலைந்துவிடும், சத்தம் போடாதீர்கள். இந்தப் படி வழுக்கும், கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிழவர்கள் இங்கேயே உட்காரலாம். ஐக்கிய நாடுகள் சபையில் அவள் எழுந்து நின்று குளவி பற்றி எச்சரிக்கை செய்வதை நினைத்து நான் எத்தனையோ நாள் சிரித்திருக்கிறேன். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, பரவாயில்லை மிஸ், வினைச்சொல் எல்லாம் சரியாத்தான் இருக்கு என்பாள்.

ஒரு பக்கத்தில் எழுதும் பயிற்சிதான் எங்களை எல்லாம் படுத்தி எடுத்தது. மாதச் சம்பளம் பிந்தினால், பஸ்காரர் நிறுத்தாமல் போனால், பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் இரைச்சல் போட்டால், உடனே ஒரு பக்கம். அதில் முதல் பாதி எப்போதும் மற்றவர் பக்கத்து நியாயம். பிந்திக் கொடுக்கும் சேருக்கு என்ன கஷ்டம், நிற்காமல் போகும் டிரைவருக்கு என்ன அவசரம் என்று அவர்களுக்கே தோன்றாத சமாதானமெல்லாம் அதில் இருக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நானும் அவளும் சேர்ந்து ஒருவனிடம் ஏமாந்திருப்போம், அவளோ அவனுக்கு வக்கீலாக நிற்பாள்.

அவள் இருந்த போடிங் வீட்டுக்கார அம்மா ஒரு சிங்களப் பெண்மணி. கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன். அந்த அம்மா பின்னேரமானால் குழாயைப் பூட்டிவிடுவார். அங்கே தங்கியிருந்த பெண்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வாய் பேசத் தெரிந்தவள் என்று இவளைத் தூது அனுப்பினார்கள். குசினிக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்ததும், அந்த இடத்தில் இருந்தால் நானும் பூட்டத்தான் செய்வேன் என்றாளாம். முன்பு இருந்த பெண்கள் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் படம் பார்க்கப் போய்விட்டார்களாம், தொட்டி நிறைய விடியும்வரை ஆகுமாம். தூது போனவள் கட்சி மாறி வந்துவிட்டாள் என்று அந்தப் பெண்கள் அவளோடு பேசாமல் விட்டார்கள். ஆனால் மறுநாள் பின்னேரம் குழாய் திறந்திருந்தது. பிறகொரு நாள் சந்தையில் அந்த அம்மாவே என்னிடம் சொன்னார்: அந்த வீட்டில் தான் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதானாம்.

அந்தக் குழாய்ச் சமாதானமே பிறகு வினையாகிப் போனது. நான் முன்பின்னாகச் சொல்கிறேன், இது சில வருஷங்கள் கழித்து நடந்தது. கிளர்ச்சிக்காரர்கள் என்று சிங்கள இளைஞர்களை இராணுவம் கூட்டம் கூட்டமாகப் பிடித்துக்கொண்டு போன காலம். யாரோ ஒட்டிய போஸ்டருக்குப் பயந்து கடைகள் மூடும், இன்னொருவர் உத்தரவுக்குப் பயந்து திறக்கும். டியூட்டரி மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. வீட்டுக்கார அம்மாவின் மகனை ஒருநாள் காலையில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த அம்மா சொந்தக்காரரைத் தேடிப் போகவில்லை. இவளிடம்தான் வந்து, நீ வா, உன் பேச்சை அவர்கள் கேட்பார்கள் என்று அழுதிருக்கிறார்.

முகாம் முகாமாக ஏறி இறங்கினார்கள். ஒரு தடவை நானும் கூடப் போனேன். அங்கே இருந்த அதிகாரியிடம் அவள் சிங்களத்தில் பேசினாள். உங்கள் ஆட்களும் செத்திருக்கிறார்கள், யார் எவர் என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் முதலில் பிடித்துவிட்டுப் பிறகுதான் விசாரிப்பேன் என்றாள். நடிப்பில்லை, நம்பித்தான் சொன்னாள். அதிகாரியின் முகம் இளகிவிட்டது. எங்களுக்குத் தேத்தண்ணி வரவழைத்தார். பையனின் பெயரை எழுதிக்கொண்டார், கட்டாயம் விசாரிக்கிறேன் என்றார். மற்ற முகாம்களிலும் இப்படித்தானாம், தேத்தண்ணியும் வாக்குறுதியும்.

வெளியே வந்ததும் அந்த அம்மா கேட்டை விட்டு நகராமல் நின்றார். குரலை உயர்த்தாமல், அவளைப் பார்த்துக் கேட்டார்: உனக்கு இவர்களை இவ்வளவு நன்றாக விளங்குகிறதே மகள், அப்படியிருந்தும் ஏன் என் பிள்ளையைத் தரவில்லை? அவள் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அந்தப் பிள்ளை திரும்பி வரவேயில்லை.

டியூட்டரி மறுபடி திறந்த பிறகு கொஞ்ச நாள் அவள் கதிரை மாறி உட்காரவில்லை. ஜன்னல் பக்கத்திலேயே இருந்து தெருவைப் பார்ப்பாள். என் சோறு ஆறாமல் கிடைத்தது.

இனி அவளுடைய சொந்த விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு அடையாள அட்டை கிடையாது. தோட்டத்து மனேஜர் துரை கையெழுத்துப் போட்ட ஒரு கடிதத்தைத்தான் கையில் கொண்டு திரிந்தாள். இரத்தோட்டை பஸ்ஸில் வரும் திங்கட்கிழமைகளில் செக் பொயின்ட்டில் எல்லோரும் அட்டையை நீட்ட, இவள் கடிதத்தை நீட்டுவாள். சில நாள் ஏற விடுவார்கள், சில நாள் வெயிலில் நிறுத்தி வைப்பார்கள். முகமெல்லாம் கறுத்துப்போய் வகுப்புக்கு வந்து, அந்த ஆமிப் பொடியனுக்கு இருபது வயசுகூட இருக்காது மிஸ், பொலன்னறுவைப் பக்கம் ஏதோ கிராமத்தான், பயந்துபோய் நிக்கிறான் என்பாள். பயந்து நின்றவள் அவள் அல்லவா என்று நான் கத்துவேன்.

அட்டை இல்லாததற்குக் காரணம் அவள் பிறந்த காலத்தில் இரண்டு நாட்டுத் தலைவர்கள் உட்கார்ந்து செய்த ஓர் ஒப்பந்தம். தோட்டத்துச் சனங்களில் இவ்வளவு பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, இவ்வளவு பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். அவளுடைய அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். பல வருஷம் கழித்துக் குடும்பத்துக்கே ஒரு பாஸ்போட் வந்தது, அதில் ஒட்டியிருந்த குடும்பப் படத்தில் இவள் ரெட்டைச் சடையோடு நின்றாள். கப்பலுக்குத் தேதி வருமுன் அக்காவுக்குப் பேறுகாலம் வந்தது, பயணம் தள்ளிப்போனது. பிறகு சண்டை வலுத்துத் தலைமன்னார்க் கப்பலே நின்றுவிட்டது. அப்பாவும் இறந்துபோனார். காகிதத்தில் இந்தியாக்காரர்கள், இருப்பது இரத்தோட்டை லயத்தில். அக்கா மட்டும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்த குடும்பத்தில் கல்யாணம் முடித்ததால் அந்தக் கணக்கில் சேரவில்லை. அரசாங்கப் பாடசாலையில் இவளுக்கு வேலை கிடைக்காமல் எங்கள் மில் மாடிக்கு வந்ததும் இதனால்தான்.

அந்த ஒப்பந்தத்தையும் அவள் விட்டுவைக்கவில்லை. நேர்முகத் தேர்வில் கேட்பார்கள் என்று ஒரு மாதம் முழுக்க அதையே வைத்துக் கதிரை மாறினாள். ஜன்னல் பக்கம் இலங்கை, சுவர்ப் பக்கம் இந்தியா. இரண்டு பக்கத்துக்கும் அவ்வளவு உருக்கமாகப் பேசினாள். ஒரு நாள் கண் ஆஸ்பத்திரிக்கு வந்த அவளுடைய அம்மா, மகளைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று மாடியேறி வந்தார். கொழுந்துக் கூடை நாடா தலையில் அழுத்திய தழும்பு தெரியும் ஒல்லியான மனுஷி. மகள் பேசுவதை வாசலில் என் பக்கத்தில் நின்று கடைசிவரை கேட்டார். அவ்வளவு கஷ்டமான தமிழ் அவருக்கு விளங்கியிருக்காது என்றுதான் நான் நினைத்தேன்.

"ஏம்மா," என்று மெதுவாகக் கேட்டார், "அந்த மேசையில நம்ம ஆளுங்க எங்க ஒக்காந்திருந்தாங்க?"

அவள் சுவர்ப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். எதிர்க் கதிரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"நம்ம ஆளுங்க ஒக்காரலம்மா. நம்மளப் பத்தித்தான் பேசுனாங்க."

அப்படியா என்று கேட்டுக்கொண்டார் அம்மா. சாப்பிட்டாயா என்றார். அவர் உட்கார வகுப்பிலிருந்து ஒரு வாங்கை இழுத்துவர நான் ஓடினேன். வேண்டாம் மிஸ், பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு என்று படியிறங்கிப் போய்விட்டார்.

நேர்முகத் தேர்வு கொழும்பில். ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இந்த நாட்டு இளைஞர்களுக்குத் தரும் புலமைப்பரிசில் என்று ஆங்கிலப் பேப்பரில் வந்தது, வயதெல்லை முப்பத்தைந்து. பாடமும் அவள் கேட்ட அதே பாடம். விண்ணப்பத்தில் பிரஜாவுரிமை என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடியே எழுதியிருந்தாள். எனக்கு அப்போதே பயம் வந்தது. அவளுக்குக் கொஞ்சமும் பயமில்லை. நாடுகளுக்கு நடுவில் மனுஷர் மாட்டிக்கொள்ளும் கதையைத்தானே அங்கே படிக்கப் போகிறோம், அதைப் படிப்பிக்கிறவர்களுக்கு நம்முடைய நிலைமை எல்லோரையும்விட நன்றாக விளங்கும் என்று நம்பினாள். அவளைத் தவிர வேறு யாருக்கும் அப்படி ஒரு நம்பிக்கை வந்திருக்காது.

அட்டை இல்லாத பெண்ணைத் தனியாகக் கொழும்புக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. என் அட்டையைத் துணைக்குக் கொண்டு முதல் பஸ்ஸில் போனோம். உள்ளே அவள் பேசும்போது நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கதவு வழியாகச் சிரிப்பொலி கேட்டது, பிறகு கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. அல்லாஹ்வே, அங்கேயும் மாறி உட்காருகிறாளா என்று எனக்கு வியர்த்துவிட்டது. வெளியே வந்தபோது அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத வெளிச்சம். கேள்வி கேட்ட மூன்று பேரும் எழுந்து நின்று கைகொடுத்தார்கள் மிஸ் என்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வயதான உத்தியோகத்தர் வந்தார். தங்க விளிம்புக் கண்ணாடி, மெல்லிய குரல். அவளுடைய குடும்பப் பாஸ்போட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இவ்வளவு நன்றாகச் செய்தவரை இந்த வருஷம் பார்க்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆனால் புலமைப்பரிசில் இந்த நாட்டுப் பிரஜைகளுக்கு, நீங்கள் இந்தியப் பிரஜை, விண்ணப்பத்தை முதலில் பார்த்தவர்கள் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள், எங்களை மன்னிக்க வேண்டும் என்றார். உண்மையிலேயே அவர் கண் கலங்கியிருந்தது. அவரோடு சண்டை போட நான் எழுந்தேன். அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் கேகாலை தாண்டியதும் அவள் ஆரம்பித்தாள். அவர்கள் சொல்வதும் சரிதான் மிஸ், ஒரு நாட்டுக்கென்று ஒதுக்கியதை இன்னொரு நாட்டுக்காரருக்குக் கொடுத்தால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள், அந்த மனுஷருக்கும் வேலை போய்விடும். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"எல்லார்ட பக்கமும் சொல்றீங்களே மிஸ்," என்றேன். "உங்கட பக்கம் எங்க?"

அவள் என்னைப் புதினமாகப் பார்த்தாள்.

"அது நமக்குத் தெரிஞ்சதுதானே மிஸ். அத எதுக்குச் சொல்லணும்?"

இலங்கைப் பிள்ளைகளுக்கு இந்தியாவில் படிக்க உதவி கொடுப்பதாகக் கேள்விப்பட்டு அடுத்து கண்டியில் இருந்த இந்தியத் தூதரகக் கிளைக்குப் போனோம். அங்கேயும் மரியாதைக்குக் குறைவில்லை. நீங்கள் எங்கள் நாட்டுப் பிரஜை அல்லவா, இது வெளிநாட்டவருக்கு உள்ளது என்றார்கள். எங்கள் பிரஜையாகப் படிப்பதென்றால் ஊருக்குப் போய் அங்கிருந்து விண்ணப்பம் போடுங்கள் என்றும் வழி சொன்னார்கள். எந்த ஊருக்கு? அவளுடைய தாத்தாவின் ஊர்ப் பெயர் அம்மாவுக்கே சரியாக ஞாபகமில்லை. கப்பலும் இல்லை. மூத்த மகளையும் பேரப்பிள்ளைகளையும் விட்டுவிட்டு அம்மா கடல் தாண்டமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார், அம்மாவை விட்டு இவள் போகமாட்டாள். இங்கே கேட்டால் அங்கத்தையவள், அங்கே கேட்டால் இங்கத்தையவள். படியிறங்கும்போது அவர்கள் பக்கத்தையும் அவள் எனக்கு விளக்கினாள். நான் காதைப் பொத்திக்கொண்டு முன்னால் நடந்தேன்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. வாப்பாவுக்குத் தெரிந்த சட்டத்தரணி, கடைக்கு வரும் அரசியல்வாதி என்று கண்ணில் பட்டவரிடமெல்லாம் கேட்டேன். சட்டம் வருகிறது, பொறுங்கள் என்றார்கள். வரவும் செய்தது. நாடற்ற தோட்டத்து மக்களுக்கெல்லாம் இங்கேயே பிரஜாவுரிமை என்று ரேடியோவில் சொன்னதும் நான் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொண்டு மாடியேறினேன். அவள் பேப்பரைக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தாள். இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்களுக்கு இது இல்லை மிஸ், அவர்களுக்குத்தான் ஏற்கெனவே ஒரு நாடு இருக்கிறதே என்றாள். அந்த மஸ்கட்டைப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள்.

அதற்குப் பிறகும் ஆயத்தம் நிற்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த விளம்பரம் வரும். நாளைக்கே கூப்பிடப் போகிறார்கள் என்கிற மாதிரி அவள் படிப்பாள். வீட்டுக்கார அம்மாவின் மகனைத் தேடி அலைந்த அந்தக் கொஞ்ச நாளைத் தவிர்த்தால், கதிரைப் பயிற்சியும் நடந்துகொண்டே இருந்தது. பாடுபட்டு மனப்பாடம் செய்த ஒரு பெரிய நாடு திடீரென்று துண்டு துண்டாக உடைந்தபோது, இவ்வளவு குறிப்பும் வீணாய்ப் போயிருச்சே மிஸ் என்று உட்கார்ந்துவிட்டாள். அன்று பின்னேரமே நூலகத்தில் புதிய நாடுகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள். முன்பு அவளிடம் படித்த ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போய், அதே புலமைப்பரிசிலில் வெளிநாடும் போய்வந்தான். வந்து காலில் விழுந்தான். அவள் அவனிடம் மணிக்கணக்காக விசாரித்தது அங்கே நூலகம் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதைப் பற்றித்தான்.

முப்பத்தைந்து தாண்டிய பிறந்தநாளை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த நாள் மத்தியானம் வழக்கம்போல மேசையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் நிற்க எனக்குக் கால் வரவில்லை. கீழே போய் மில்காரரோடு எதையோ பேசிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் இன்னொரு சட்டம் வந்தது. இந்தியப் பாஸ்போட் எடுத்துவிட்டுப் போகாமல் நின்றவர்களுக்கும் இங்கேயே பிரஜாவுரிமை. போர் கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம் அது. எங்கள் இருவருக்கும் அப்போது நாற்பது தாண்டிவிட்டது. டியூட்டரியும் மூடியாகிவிட்டது, அவள் தோட்டத்துக்கே திரும்பிப் போய்ப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துப் பாடசாலையில் வைத்துக் கொடுக்கிறார்கள், நீங்களும் வாங்க என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நான் இரத்தோட்டைக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் மேலே போனேன்.

கிழவர்களும் கிழவிகளும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தப் பெண்ணுக்கு இவளுடைய பழைய மாணவிகளைவிடச் சின்ன வயது. பெயர் கேட்டாள், எவ்வளவு காலம் இங்கே என்று கேட்டாள், முத்திரை குத்திக் கையில் கொடுத்தாள். ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அம்மாவுக்கும் அப்படியே. இவ்வளவுதானா என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு லயத்துக்கு நடந்தார்.

என்னை வழியனுப்ப அவள் ரோட்டுக்கு வந்தாள். வளைவில் ஒரு மதகுக் கட்டின் மேல் உட்கார்ந்தோம். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, யாரையாவது பிடித்து அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல், இனி எழுதிப் போடலாம்தானே மிஸ் என்று கேட்டுவைத்தேன். வயசு எல்லை இருக்கே என்றாள். அதன் பிறகு வழக்கமாக வருவது வரும் என்று காத்திருந்தேன். இளம் ஆட்களுக்குக் கொடுத்தால்தான் நாட்டுக்கு நீண்டகாலப் பயன், எல்லை என்று ஒன்று வைக்காவிட்டால் அவர்களும் என்ன செய்வார்கள், இப்படி ஏதாவது. வரவில்லை. மடியில் இருந்த அந்தக் காகிதத்தைக் காற்று தூக்காமல் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாழ்நாளெல்லாம் எதைக் கேட்டு எரிச்சல்பட்டேனோ அதையே நான் வாய்விட்டுக் கேட்டேன்.

"சொல்லுங்க மிஸ். அவங்க பக்கம் என்ன?"

அவள் சொல்லத்தான் வாயெடுத்தாள். பிறகு, வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னாள்:

"எனக்குப் படிக்க ஆசையா இருந்துச்சு, மிஸ்."

அதைக் கேட்க அந்த ரோட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன்.